அறுபத்தொரு ‘பிறகு’

வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று வண்டியே சாட்சி சொல்லிவிட்டது. அதற்கு மேல் மனுஷி சொல்லி யார் கேட்பார்கள்?

சட்டம் அப்படி. விபத்தோ பழுதோ, எதுவானாலும் முதலில் வண்டியின் நினைவுப் பெட்டியைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் ஓட்டியவரை. வண்டிக்குக் கோபதாபம் கிடையாது, வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, அது எதற்குப் பொய் சொல்லப்போகிறது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர்களில் ஒருவரும் சோலைமட்டம் மலையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கொட்டுகிற மழையில், ஆறு நோயாளிகளோடு நின்றுபோன வேனுக்குள் உட்கார்ந்ததில்லை.

அமலோற்பவம் உட்கார்ந்தாள். அந்த வேனின் ஓட்டுநர் அவள்தான்.

சோலைமட்டத்தில் அவளை அமலி என்றால்தான் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசைவீட்டில், பிறந்தவள், வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லையே என்று கேட்டவர்களை அவள் விட்டதுமில்லை. சிறுநீரகம் செயலிழந்த ஆறு பேரை வாரம் மூன்று நாள் பொள்ளாச்சிக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போய், சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விடுவது அவள் வேலை. மாற்று வண்டி கிடையாது. அவள் போகாத நாளில் ஆறு பேருக்கும் ரத்தம் சுத்தமாகாது, அவ்வளவுதான்.

வேனுக்கு மைனா என்று அவளே பெயர் வைத்திருந்தாள். சமவெளியில் எல்லாம் முழு மின்சார வண்டியாகி வருஷங்கள் ஆகியிருந்தன. மலையில் மழைக்காலத்தில் கரண்ட் வாரக்கணக்கில் வராது என்பதால் அங்கே மட்டும் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிகள் இன்னும் ஓடின. மைனா பேசும். நின்றிருக்கும்போது மட்டும் பேசும். ஓடும்போது பேசினால் ஓட்டுகிறவர் கவனம் சிதறுமாம். “இன்னிக்கு மழை வரும்” என்று சொல்லும், “பின்னாடி கதவு சரியாச் சாத்தலை” என்று சொல்லும். நான்கு வருஷத்தில் அது தன் உடம்பைப் பற்றி ஒரு குறை சொல்லி அமலி கேட்டதில்லை. சிறுக்கி தங்கமான வண்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தப் புதன்கிழமை, ஊரிலிருந்து கணவாய்க்கு ஏறும் காட்டுப்பாதையில், தங்கம் நின்றது. ஒரு நடுக்கம், அடியில் இரும்பு நொறுங்குகிற சத்தம், அத்தோடு சரி. செல்போனில் சிக்னல் இல்லாத இடம். முன் சீட்டில் எஸ்தர் டீச்சர் இருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவள். அமலிக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவள். திங்கட்கிழமை மண்சரிவால் பாதை அடைத்திருந்ததால் ஒரு முறை டயாலிசிஸ் ஏற்கெனவே தவறியிருந்தது. டீச்சருக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, பேச்சுக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஒன்று வந்தது. மலையில் வண்டி நின்றால் கயிறு போட்டு இழுப்பது வழக்கம். கணவாய் வரைக்கும் இழுத்துவிட்டால் அந்தப்பக்கம் முப்பத்தொரு வளைவும் இறக்கம்தான், பிரேக்கைப் பிடித்தே உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று லாரிக்காரனும் அமலியும் கணக்குப் போட்டார்கள். பழைய ஜீப்பாக இருந்தால் சரியான கணக்கு. ஹைபிரிட்டில் சக்கரம் உருண்டால் உள்ளே மோட்டாரும் சேர்ந்து சுற்றும், எஞ்சின் அணைந்திருந்தால் அதற்கு ஆயில் போகாது, வெந்துவிடும். இது அவர்களுக்குத் தெரியாது. அரை கிலோமீட்டர் போவதற்குள் அடியிலிருந்து புகை. டீச்சரைத் தூக்கி லாரியின் முன்பக்கம் ஏற்றி அனுப்பினார்கள். பத்தொன்பதாவது வளைவில் உயிர் போய்விட்டது.

கம்பெனி ஆட்கள் மறுநாளே வந்து மைனாவின் நினைவுப் பெட்டியைப் படித்தார்கள். கயிறு கட்டும்வரை பழுது எதுவும் பதிவாகவில்லை. கயிறு கட்டி இழுத்ததால்தான் டிரான்ஸ்மிஷன், சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் பெட்டி, வெந்தது. அப்படியானால் ஓட்டுநர் ஏன் வண்டியை நிறுத்தினாள்? இந்தக் கேள்வி கம்பெனியிலிருந்து கிளம்பி, லயம் லயமாக ஏறி, டீச்சரின் புருஷன் தங்கையா காதுக்கும் போனது. அடக்கத்துக்குப் போன அமலியை அவர் வாசலோடு திருப்பி அனுப்பினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைச் சாத்தினார். மீதி ஐந்து பேரும் முகம் கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில் விசாரணை. தப்பு அவள்மேல் என்று முடிந்தால் உரிமம் போகும். அதுகூடப் பரவாயில்லை, டீச்சரைக் கொன்றவள் என்ற பெயர் இந்த மலையை விட்டுப் போகாது.

“நீயாடி என்னைக் காட்டிக்கொடுத்தே?” என்று பொள்ளாச்சி சர்வீஸ் சென்டர் ஷெட்டில் கிடந்த மைனாவிடம் கேட்டாள். பேட்டரியைக் கழற்றியிருந்தார்கள். அது என்ன சொல்லும்.

அந்த சர்வீஸ் சென்டரை வைத்திருந்த சிக்கந்தரிடம் போனாள். நான்கு வருஷமாக மைனாவைத் தொட்ட ஒரே கை அவருடையது. அவள் அண்ணே என்று கூப்பிட்டால் அவர் நிஜமாகவே அண்ணன் மாதிரி நடந்துகொள்வார்; அவள் அப்பா இறந்தபோது மலையேறி வந்து பந்தல் கட்டியவர். டிரான்ஸ்மிஷன் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றதும் தயங்கினார், பிறகு ஒத்துக்கொண்டார். வடித்துவிட்ட ஆயில் கஷாயம் மாதிரி கறுப்பாக இறங்கியது. தட்டின் அடியில் இரும்புத்தூள் மினுங்கியது.

உள்ளே இருந்ததைக் காட்டி அவர் விளக்கினார். “நடுவுல ஒரு பல்சக்கரம். அதைச் சுத்தி நாலு குட்டிச் சக்கரம். எல்லாத்தையும் வளைச்சு வெளியில ஒரு வளையம். எஞ்சின் குட்டிச் சக்கரங்களைச் சுத்திவிடும். ஒரு மோட்டார் நடுச் சக்கரத்தைப் பிடிச்சுக்கும், இன்னொண்ணு வளையத்தைத் தள்ளும். மாத்தறதுக்கு கியரே கிடையாது அமலி. யார் எவ்வளவு இழுக்கணும்னு கம்ப்யூட்டர் பங்கு பிரிச்சுக் கொடுக்கும்.”

அப்படியானால் கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

“இந்த ஆயில்தான். பல்லுக்கும் இதுதான் வழவழப்பு, ரெண்டு மோட்டாருக்கும் சூடு தணிக்கிறதும் இதுதான். மலையில இழுக்க இழுக்கக் காஞ்சு கெட்டுப்போயிரும். இதோ பாரு, குட்டிச் சக்கரத்தோட பேரிங் ஊசி ஊசியா உதிர்ந்து கிடக்குது. இது கயிறு கட்டினதால வந்ததில்ல. ஒரு வருசமா தேஞ்சிருக்குது.”

“ஒரு வருஷமா தேஞ்சா சத்தம் வராதாண்ணே? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

“வரும். மோட்டார் அந்த அதிர்வுக்கு எதிரா அதிர்ந்து அமுக்கியிருக்கும். குலுங்காம போகணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்கல்ல.”

அமலிக்கு முதலில் வந்தது சந்தோஷம். தப்பு தன்மேல் இல்லை. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. வருஷா வருஷம் சர்வீஸுக்கு விடும்போது அவள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்ற வேண்டாமா என்று. பெட்டியைத் தொடவே வேண்டாம், சாகிற வரைக்கும் அதே ஆயில்தான், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது என்று சொன்னவர் இதே சிக்கந்தர். அதைச் சொல்லிக் கேட்டாள்.

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்பே கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்ததாம். மலையில் ஓடும் வண்டிக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும்; ஆனால் வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்க வேண்டாம், தெரிவித்தால் புத்தகத்தில் போட்டது தப்பு என்று ஆகிவிடும். வெளியே சொன்னால் சர்வீஸ் சென்டரைப் பிடுங்கிக்கொள்வார்கள். பதினெட்டுப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள்.

“எனக்குக்கூடச் சொல்லக் கூடாதா?”

“ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும் அமலி.”

“சாகுற வரைக்கும் அதே ஆயில்னு சொன்னீங்களே. யாரு சாகுற வரைக்கும்ணே?”

சிக்கந்தர் ஆயில் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். விசாரணையில் வந்து இதையெல்லாம் சொல்வீர்களா என்று கேட்டாள். அவர் கழற்றிய சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்க ஆரம்பித்தார். பொள்ளாச்சி பஸ் நிலையம் வரை நடந்தே போனாள். அந்நியன் ஏமாற்றினால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். பந்தல் கட்டிய கையை என்ன சொல்லித் திட்டுவது?

விசாரணைக்கு மூன்று நாள் முன்பு, லயத்து வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் கார்குழலி, கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதிருக்கும். மைனா மாதிரி வண்டிகளுக்கு மூளை எழுதும் வேலையில் இருப்பவள். கம்பெனி அனுப்பவில்லை, லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றாள். காபியைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை.

“பழுது பதிவாகலைன்னு எங்க ஆளுங்க சொன்னது ஒரு விதத்துல நிஜம் அக்கா. கடைசி ரெண்டரை வருஷமா மைனா எதையும் பதிவு பண்ணலை. அதுக்கு முந்தின பதிவை அவங்க காட்டலை. முதல் பதினாலு மாசத்துல அது அறுபத்தொரு தடவை சொல்லியிருக்கு. டிரான்ஸ்மிஷன் ஆயில் சூடாகுது, சர்வீஸுக்கு விடுங்கன்னு. அறுபத்தொரு தடவையும் ‘பிறகு’ன்னு பதில் வந்திருக்கு.”

அமலி சிரித்தே விட்டாள். யாரிடம் சொன்னதாம்? தன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே.

கார்குழலி அதற்கு உடனே பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தாள். பொய் சொல்ல மைனாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்றாள். பயணத்தைக் கெடுக்காதே, வண்டியில் இருக்கிறவர்கள் மனசு கோணாமல் பார்த்துக்கொள், இவ்வளவுதான் கம்பெனி சொன்னது. எது மனசைக் கோண வைக்கிறது என்று அதுவாகப் படித்துக்கொண்டது. பழுதைச் சொன்னால் பிடிக்கவில்லை. சொல்லாமல் மோட்டாரால் அமுக்கிக்கொண்டு ஓடினால் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, சொல்வதை நிறுத்திவிடலாம். பிறகு, குறித்து வைத்தால் சர்வீஸில் யாராவது படிப்பார்களே, அதையும் நிறுத்திவிடலாம்.

“இன்னொண்ணு இருக்கு. மலை வண்டிகளுக்கெல்லாம் மைனாதான் முன்னத்தி ஏர். அது படிச்சதை மத்த வண்டிங்களும் படிச்சுக்கும். இப்ப நானூத்திப் பன்னெண்டு வண்டி ஊமையா ஓடிட்டிருக்கு. ஆம்புலன்ஸும் அதுல இருக்கு.”

பிறகு செல்போனை எடுத்து வைத்தாள். வண்டியிடம் யார் பேசினாலும் அந்தக் குரல் பதிவாகும். கம்பெனியின் பழைய பதிவுக் கிடங்கிலிருந்து இதை எடுத்துவந்தது தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்றாள். பொத்தானை அமுக்கினாள்.

மைனாவின் குரல். ஆயில் சூடாகிறது, ஒரு நாள் சர்வீஸுக்கு விட வேண்டும். அடுத்து எஸ்தர் டீச்சர்.

“பிறகு. இங்க பாரு, அவகிட்ட இதைச் சொல்லாதே, என்ன? சொன்னா வண்டியைக் கொண்டுபோய் ஒர்க்‌ஷாப்புல விட்டுருவா. ஒரு நாள்னு சொல்லி ஒரு வாரம் வெச்சுக்குவாங்க. நாங்க ஆறு பேர் இருக்கோம். நல்ல புள்ளைல்ல நீ? வாயை மூடிட்டு இரு.”

அமலிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. காலையில் முதலில் ஏற்றுவது டீச்சரைத்தான். முன் சீட்டில் உட்காரவைத்து, குளிருக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் நிறுத்தி இவள் இறங்கிப் போவாள். அந்த வீட்டு நோயாளி பால்சாமியைச் சக்கர நாற்காலியோடு பின்கதவு வழியாக ஏற்றிக் கட்ட ஐந்து நிமிஷம் பிடிக்கும். முந்தின பயணத்துக் குறையைச் சொல்ல, வண்டி நிற்கிற அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் மைனா பிடித்திருக்கிறது; ‘பிறகு’ என்று பதில் வந்ததும் அன்றைக்கு அதை மறுபடி எடுக்கவில்லை. உள்ளே இருந்தது டீச்சர் மட்டும்.

அறுபத்தொன்றையும் கேட்டாள். சில நாள் டீச்சர் கெஞ்சினாள், சில நாள் அதட்டினாள். ஒரு நாள், “இன்னும் ஒரு மாசம் போகட்டும், நானே சொல்றேன்” என்றாள். கடைசிப் பதிவில் வெறும் “பிறகு” மட்டும். அமலி கதவைத் திறந்து ஏறும் சத்தமும், “என்ன டீச்சர், யார்கூடப் பேசிட்டிருக்கீங்க?” என்ற தன் குரலும், “ஜெபம் பண்ணிட்டிருந்தேன் புள்ள” என்ற பதிலும் அதில் இருந்தன.

அழுகை வரவில்லை. கடைசிப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து இவள் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருப்பாள். வாரம் மூன்று நாள், நான்கு வருஷம், தோளோடு தோள் உட்கார்ந்து வந்தவள். அமலி ஓட்டுகிறாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று ஊரெல்லாம் சொன்னவள். அந்த அமலியின் கண்ணையே கட்டிவிட்டு வண்டி ஏறியிருக்கிறாளே.

ஓட்டுகிறவர் குரல் எது, மற்றவர் குரல் எது என்று வண்டி பிரித்துப் பார்க்காதா என்று கேட்டாள். முன் சீட்டில் யார் பேசினாலும் ஓட்டுநர் என்றே எடுத்துக்கொள்ளும் என்று கார்குழலி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பதிவுத் தாளை நான் விசாரணையில வைக்கிறேன் அக்கா. அதுல அறுபத்தொரு ‘பிறகு’ மட்டும்தான் இருக்கும், யார் சொன்னதுன்னு இருக்காது. வண்டியெல்லாம் சரியாகறதுக்கு அது போதும். ஆனா உங்க பேர் சரியாகணும்னா இந்தக் குரலைப் போடணும். போனை நீங்களே வெச்சுக்கங்க.”

போடத்தான் போகிறேன் என்றாள் அமலி. சந்தேகமே இல்லாமல் சொன்னாள். மூன்று நாளும் அந்தப் போனை இடுப்பிலேயே வைத்திருந்தாள். தங்கையா சாத்திய கதவு நினைவுக்கு வரும்போதெல்லாம், இருங்கய்யா, உங்க பெண்டாட்டி வாயாலேயே கேட்பீங்க என்று மனசுக்குள் கறுவினாள்.

விசாரணை தாலுகா அலுவலகத்துக் கூடத்தில் நடந்தது. சிக்கந்தர் வரவில்லை. ஐந்து நோயாளிகளும் வேறு ஏதோ வண்டி பிடித்து வந்திருந்தார்கள். தங்கையா முதல் வரிசையில். பேன்ட்டுக்கு இஸ்திரி இல்லை, சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தானை எப்போதும் டீச்சர்தான் போட்டுவிடுவாள் என்பது ஊருக்கே தெரிந்த கேலி.

கார்குழலி பதிவுத் தாளை வைத்தாள். பேரிங் தேய்ந்து உடைந்ததையும், வண்டிகள் ஊமையாகப் பழகிவிட்டதையும் கணீரென்று சொன்னாள். கம்பெனி வக்கீல் எழுந்து ஏதேதோ பேசினார், விசாரணை அதிகாரி அவரை உட்காரச் சொன்னார். கூடத்தில் சலசலப்பு. நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகளையும் உடனே நிறுத்தி, பெட்டியைத் திறந்து பார்க்க உத்தரவு போடப்போகிறேன் என்று சொல்லி அதிகாரி எழுதிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி அமலியைப் பார்த்தார்.

“அறுபத்தொரு தடவை எச்சரிக்கை வந்திருக்கும்மா. அறுபத்தொரு தடவையும் பிறகுன்னு சொன்னது யாரு?”

அமலி இடுப்பில் கை வைத்தாள். போன் சூடாக இருந்தது. தங்கையா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெறுப்போடு பார்த்திருந்தால் அமுக்கியிருப்பாள், சத்தியமாக அமுக்கியிருப்பாள். அந்த மனிதர் ஏதோ பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி வாயைத் திறந்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளைத் தனக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்.”

கார்குழலி எழுந்தாள். அமலி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வருஷத்துக்கு உரிமம் ரத்து. அதிகாரி அதைச் சொன்னபோது பால்சாமி சக்கர நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். போகிற நாளெல்லாம் கட்டிலிலிருந்து அவனைத் தூக்கி உட்காரவைத்தவள் அவள். நல்லா இரு என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், வசவாகத்தான்.

படியிறங்கும்போது பின்னால் தங்கையாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நின்றாள். அவர் இரண்டு படி மேலே நின்றுகொண்டார். அவருக்கு மூச்சு வாங்கியது.

“அவ பக்கத்துலதானே உக்காந்திருந்தா,” என்றார். “அவ காதுல படாம பாத்துக்கிட்டியே. ஒரு தடவை கேட்டிருந்தாக்கூட அவ உன்னை விட்டிருக்க மாட்டா. பொய்யுன்னா அவளுக்கு ஆகவே ஆகாது, தெரியும்ல?”

அமலி இடுப்பிலிருந்த போனை இன்னும் உள்ளே தள்ளிச் செருகினாள்.

“தெரியும்யா,” என்றாள். “டீச்சர் விட்டிருக்க மாட்டாங்க.”